நகம் தட்டாத படகு

படகு ஒழுகவில்லை. இப்போது நினைத்தாலும் அதற்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது. வாங்கி வந்த அன்றே ஏரியில் இறக்கி, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு, நாலு பேராக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். எங்கள் கால் ஈரத்தைத் தவிர அடித்தட்டில் வேறு ஈரம் இல்லை. பார்க்கத்தான் சகிக்காது. பதினாலு அடி அலுமினியம். மூன்று நிறப் பெயின்ட் ஒன்றின்மேல் ஒன்றாக உரிந்து, சொறி பிடித்த மாடு மாதிரி நின்றது.

என் வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "லேசா ஒரு கை போட்டா போதும்."

"எதுக்குப் போடணும்? நல்லாத்தானே மிதக்குது?"

"பார்க்க நல்லா இருக்க வேணாமா?"

அந்த இடத்திலேயே அந்தப் பேச்சை நான் வெட்டியிருக்க வேண்டும்.

இருபத்திரண்டு வருஷம் பாத்திரப் பட்டறையில் மெருகு போட்ட மனுஷன். மோட்டாரில் சுற்றுகிற துணிச் சக்கரத்தில் மெருகு மாவைத் தடவி, குண்டாவையும் தூக்குச்சட்டியையும் நாள் முழுக்க அதில் அழுத்திப் பிடிக்கிற வேலை. பாத்திரம் வெளுக்கும், ஆள் கறுப்பார். சாயந்திரம் மூக்கைச் சிந்தினால் கரிதான் வரும். போன மழைக்காலத்தில் இருமல் நிற்காமல் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தோம். டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அவரிடம் பேசாமல் என்னிடம் பேசினார். "இன்னும் ஒரு வருஷம் அந்தத் தூசியில நின்னார்னா, அப்புறம் என்கிட்ட கூட்டிட்டு வராதீங்கம்மா. பிரயோஜனம் இல்லை."

அதற்குத்தான் படகு. தண்ணீர் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் தினமும் ஏரி நடுவே போய், புட்டிகளில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அவர்களைக் கூட்டிப்போகச் சொந்தப் படகும், படகு தகுதியானது என்ற காகிதமும் உள்ள ஆள் வேண்டும் என்றார்கள். காகிதம் கொடுக்கிற முகாம் புதன்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும். அதை விட்டால் அடுத்த முகாம் ஆறு மாதம் கழித்து. ஆறு மாதமும் திரும்பப் பட்டறை. எங்கள் முறை புதன் காலை.

பெயின்டைச் சுரண்டினார். சரி, விரிசல் இருந்தால் தெரியும் என்று விட்டேன். விரிசல் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவினார். அதுவும் சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலுக்கு வந்து பார்த்தால், சைக்கிளில் ஒரு மோட்டாரைக் கட்டிக்கொண்டு கண்ணாடி அண்ணன் வந்து நிற்கிறார்.

கண்ணாடி என்பது பட்டறையில் வைத்த பெயர். பதினெட்டு வருஷமாக என் வீட்டுக்காரருக்கு அடுத்த மோட்டாரில் நிற்கிறவர். அவர் கைபட்ட பாத்திரத்தில் முகம் பார்த்து மீசை கத்தரித்துக்கொள்ளலாம். பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. பேச்சு மட்டும் ஒரு குடும்பத்துக்கு உண்டானது.

"எதுக்குண்ணே இது?"

"ஓரத்துல மட்டும் சின்னதா ஒரு மினுக்கு, தங்கச்சி. நீ போய் அடுப்பைப் பாரு."

"அடுப்பு தன்னைத்தானே பார்த்துக்கும். இந்தத் தூசி வேணாம்னுதானே இவரு அங்கேயிருந்து வெளிய வர்றாரு? அதையே சைக்கிள்ல கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தா எப்படி?"

"இது வெட்டவெளி. எல்லாத்தையும் காத்து கொண்டுபோயிடும்."

"எங்க கொண்டுபோகும்? என் கொடியில காயற துணிக்குத்தான் கொண்டுபோகும்."

என் வீட்டுக்காரர் அதற்குள் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டுவிட்டார். துண்டுக்குள்ளிருந்து பேச்சு வந்தது. "சோதிக்க வர்ற ஆளு முதல்ல மேலதானே பார்ப்பான்?"

"பொண்ணு பார்க்கவா வர்றாரு? தண்ணி உள்ள வருதான்னு பார்க்க வர்றாரு."

"உனக்குத் தெரியாது, நீ போ."

எனக்குத் தெரியாதாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை எனக்குத் தெரியும். சங்கு ஊதுகிறவனுக்குத்தான் தெரியாது.

ஞாயிறு முழுக்க மோட்டார் ஓடியது. திங்களும் ஓடியது. ஓரம் என்று தொடங்கியது ஒரு பக்கமாயிற்று. ஒரு பக்கம் மின்னினால் மறுபக்கம் மங்கலாகத் தெரியும் என்று மறுபக்கமும் ஆயிற்று. இரண்டு பக்கமும் மின்னும்போது அடிப்பாகம் என்ன பாவம் செய்தது? தண்ணீருக்குள் இருக்கப்போகிற அடிப்பாகத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "மீன் பார்க்கும்" என்றார் கண்ணாடி அண்ணன். இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது.

மோட்டார் ஓடும்போது இருமல் கேட்காது. தோள் குலுங்குவது மட்டும் தெரியும். கை மட்டும் சக்கரத்தை விடாது. நான் மூன்று முறை பிளக்கைப் பிடுங்கினேன். மூன்று முறையும், குழந்தை கையிலிருந்து மிட்டாயைப் பறித்தவளைப் பார்க்கிற மாதிரி இருவரும் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினார்கள்.

"அண்ணே, அவருக்குத்தான் புத்தி இல்லை. நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் தங்கச்சி. நீ உட்காரு, நான் போடறேன்னு சொன்னேன். அவன் போடற அழகைப் பார்த்துட்டு என்னால உட்கார முடியலை."

"நீங்க மட்டும் இருமலையா?"

"நான் இருமுறது மெருகு ஏறின இருமல். வெளிய கேட்காது."

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போயாக வேண்டும். எனக்கும் அதே பட்டறைதான். சோதனை மேஜையில் ஒன்பது வருஷம். சின்ன வேலை, ஆனால் எல்லோருக்கும் என்னிடம் பயம். பாத்திரத்துக்குக் கைப்பிடியை ரிவிட் ஆணி அடித்து மாட்டியிருப்பார்கள் இல்லையா, அந்த ஆணியின் தலை வெளியே துருத்தக் கூடாது. துருத்தினால் கழுவுகிற துணி மாட்டும், வாங்கினவர் திருப்பிக் கொண்டுவருவார். அதனால் தலையைத் தேய்த்துத் தேய்த்துத் தகட்டோடு சமமாக்கிவிட வேண்டும். நான் கட்டைவிரல் நகத்தை அதன்மேல் ஓட்டிப் பார்ப்பேன். நகம் தட்டினால் பாத்திரம் மெருகுக்கே திரும்பும். என் வீட்டுக்காரரின் பாத்திரத்தையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி அண்ணனுடையது மட்டும் ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தேன். தெருமுனையிலேயே கண் கூசியது. இரண்டு பீப்பாய்களின்மேல் கவிழ்ந்து கிடந்த படகு, இப்போதுதான் உருக்கி ஊற்றியது போல இருந்தது. மேகம் அதில் நகர்ந்தது. எதிர்வீட்டு மாடியும் மாடியில் நின்ற ஆளும் அதற்குள் தலைகீழாகத் தெரிந்தார்கள்.

"கை வச்சுப் பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

திட்டத்தான் வாய் திறந்தேன். கை அதற்கு முன்பே போய்விட்டது. முனையிலிருந்து முனைவரை கட்டைவிரல் நகத்தை ஓட்டினேன். எங்கேயும் தட்டவில்லை.

"நல்லா வந்திருக்கு" என்றேன்.

அது என் வாயிலிருந்து வந்த வார்த்தைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் கிளம்பும்போதுகூட அதே இடத்தில் வரிசை வரிசையாக ஆணித்தலைகள் மணி மாதிரி துருத்திக்கொண்டிருந்தன. அவை எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. ஒன்பது வருஷம் அவற்றை இல்லாமல் ஆக்குவதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

புதன்கிழமை காலை ஏரிக்கரையில் எங்களுக்கு முன்னால் ஏழு படகுகள். எல்லாம் அழுக்கு. எங்கள் படகை வண்டியிலிருந்து இறக்கியதும் ஆட்கள் கூடிவிட்டார்கள். சோதனை அதிகாரி தொப்பை சரிந்த மனிதர். படகுப் பக்கம் குனிந்து, அதில் பார்த்துத் தன் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"இது படகா, பாத்திரக் கடையா?"

"ரெண்டும்தான் சார்" என்றார் கண்ணாடி அண்ணன் பெருமையாக.

ஓர் ஆளுக்கு ஒரு மணல் மூட்டை கணக்கு. நாலு மூட்டை, அரை மணி நேரம். முதல் மூட்டை வைத்தபோது ஒன்றுமில்லை. இரண்டாவதற்கும் ஒன்றுமில்லை. மூன்றாவது வைத்தபோது, விரல் சொடுக்குகிற மாதிரி 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்று. நாலாவது மூட்டையை வைத்துவிட்டு ஆள் நிமிர்வதற்குள், அடித்தட்டில் தகடுகள் சேர்கிற மூட்டு வழியாக மெல்லிய நூல் மாதிரி தண்ணீர் ஏறி வந்தது. ஒரு நூல், நாலு நூல், அப்புறம் எண்ண முடியவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளே குதித்துக் கையால் ஒரு ஓட்டையை அடைத்தார். அவர் கனத்துக்கு வேறு இரண்டு ஆணி கழன்றன.

"நீங்க முதல்ல வெளிய வாங்க" என்றார் அதிகாரி.

படகைக் கரையில் இழுத்துப் போட்டு, அவர் விரலால் தடவிப் பார்த்தார். திரும்பவும் தடவினார். "இதுல ஆணித்தலை எல்லாம் எங்க?"

நான் கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"தலையை ஏன் எடுத்தீங்க?"

"துருத்திக்கிட்டு இருந்துச்சு சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"துருத்திக்கிட்டுத்தான்யா இருக்கணும். ரெண்டு தகட்டையும் சேர்த்துப் பிடிக்கிறதே அந்தத் தலைதான். கழுத்தை அறுத்துட்டு ஆளு ஏன் எழுந்திருக்கலைன்னு கேட்டா?" காகிதத்தில் கோடு போட்டுவிட்டு எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். "நீங்கெல்லாம் என்ன வேலை பார்க்கறீங்க?"

சொன்னோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் இங்க இருப்பேன். முடிஞ்சா கொண்டுவாங்க."

திரும்பி வரும்போது வண்டியில் எங்கள் சண்டையை ஊரே கேட்டது.

"நீதானே நல்லா வந்திருக்குன்னு சொன்னே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் சொன்னது பாத்திரத்துக்கு."

"படகைத் தடவிட்டுப் பாத்திரத்துக்குச் சொன்னியா?"

"உங்களுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும்."

கண்ணாடி அண்ணன் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். தலைகளை முழுக்கத் தேய்த்தது அவர்தான். செவ்வாய் மதியம் என் வீட்டுக்காரருக்கு இருமல் முற்றி உட்கார்ந்தபோது, மீதியை நான் பார்க்கிறேன் என்று சக்கரத்தை வாங்கியிருக்கிறார். பாத்திரப் பட்டறைகளுக்கு ஆணி விற்கிற கடை வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். தடித்த அலுமினிய ரிவிட் ஒரு பெட்டி நிறைய, மூட்டு இடுக்கில் பூச ஒரு டப்பா பசை, இரண்டு சுத்தியல். வீட்டுக்கு வந்து படகைப் பக்கவாட்டில் சாய்த்தார்.

பழைய ஆணியைத் தட்டி எடுக்க வேண்டும், துளையைத் துடைத்துப் பசை தடவ வேண்டும், புது ஆணியை வெளியிலிருந்து செருக வேண்டும். வெளியே ஒருவர் அதன் தலைமேல் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, உள்ளே ஒருவர் வாலை அடித்து மழுக்க வேண்டும். இரும்பு பிடிக்கிறவர் கொஞ்சம் அசைந்தாலும் ஆணி கோணிவிடும். நான் இரும்பு பிடித்தேன். ஆண்கள் மாறிமாறி அடித்தார்கள். புதன் வெளிச்சம் இருந்தவரை, வியாழன் நாள் முழுக்க. ஒவ்வொரு அடியும் என் தோளில்தான் இறங்கியது. வியாழன் சாயந்திரம் சோற்றுத் தட்டைப் பிடிக்கக் கை ஏறவில்லை. ஒன்று மட்டும் உண்மை, இந்த வேலையில் தூசி இல்லை. ஆனால் இந்த வேலை தேவைப்பட்டிருக்கவே வேண்டியதில்லை.

ஓர் ஆணியை அடித்து முடித்ததும் என் வீட்டுக்காரரின் விரல் தானாக அதன் தலையைத் தடவும். "துருத்துது" என்பார்.

"துருத்தட்டும்."

"லேசா..."

"இந்த இரும்பு உங்க காலுல விழும்."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் படகு ஏரிக்குப் போனது. பளபளப்பெல்லாம் சுத்தியல் வடுவும் பசைக் கறையுமாக, அம்மை வார்த்த முகம் மாதிரி இருந்தது. நாலு மூட்டை ஏற்றினார்கள். பத்து நிமிஷம் எதுவும் இல்லை. அப்புறம் நடு மூட்டு மெதுவாக வியர்த்தது. தேய்த்த தேய்ப்பில் அங்கே தகடே மெலிந்துவிட்டிருந்தது. அதிகாரி ஒரு மூட்டையை இறக்கச் சொன்னார். கசிந்த இடத்தைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து அரை மணி நேரம் வைத்தார். மூன்று மூட்டைக்குத் துளி வரவில்லை.

"மூணு பேருக்கு எழுதறேன்" என்று சொல்லி முத்திரை குத்தினார். "ஆபீஸ் ஆளுங்க ரெண்டு பேரு, நீங்க ஒருத்தர். நாலு தாங்கியிருந்தா துடுப்புப் போடத் துணைக்கு ஒரு ஆளை அவங்களே போட்டிருப்பாங்க. சரி, வேலை கிடைக்கும். திங்கக்கிழமை போய் நில்லுங்க."

என் வீட்டுக்காரர் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். ஏதோ சொல்ல வந்து இருமினார். தண்ணீர் குடிக்க வண்டிப் பக்கம் நடந்து போனார்.

அதிகாரி சொன்னதைக் கண்ணாடி அண்ணன் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கொஞ்சம் தள்ளி, மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கை துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கேலி எதுவும் இல்லை முகத்தில்.

"தங்கச்சி, நானும் போன மாசம் படம் எடுத்தேன்."

நான் அவரைப் பார்த்தேன்.

"அவன்கிட்ட சொல்லிக்கலை. அதே டாக்டர், அதே பேச்சு." கரையில் கிடந்த துடுப்புகளைக் காலால் நேராக்கினார். "இதுக்கு ரெண்டு ஆளு வேணும்ல? எனக்குத் துடுப்புப் போடத் தெரியும்."

அவரைத் திட்டுவதற்கு என்று ஆறு நாளாக நான் சேர்த்து வைத்திருந்தது எவ்வளவோ இருந்தது. அந்த நாலாவது ஆளின் இடத்தைச் செவ்வாய்க்கிழமை மதியம் தன் கையாலேயே தேய்த்து எடுத்துவிட்டார் என்று எந்த வாயால் சொல்வது?

"மூணு பேருன்னு எழுதிட்டாருண்ணே" என்றேன்.

"ஆமா, மூணு." அவர் தலையாட்டினார். விரல்விட்டு எண்ணுவது போல உதடு அசைந்தது. "சரிதான். ஆபீஸ் ஆளுங்களைக் குறைக்க முடியாதே."

மணி நாலரை. சாயந்திர ஷிப்டுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, அவர் சைக்கிளை எடுத்தார்.