மாட்டியாச்சு

காலை ஐந்தே முக்கால். இரும்பில் பனி வழுக்கியது. நான்கு பேர் வெள்ளைக் குழாய்க் கோபுரத்தின் ஏணியில் ஏறினார்கள். நான் கீழே, பாரம் ஆடாமல் பிடிக்கும் கயிற்றோடு. உள்ளங்கையில் நேற்றைய கொப்புளம் உடைந்திருந்தது.

வழக்கமான மின்கோபுரம் என்றால் கட்டம் கட்டமாக இரும்புப் பட்டை இருக்கும். இடுப்பில் கட்டிய பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை எங்கேயும் மாட்டலாம். மாட்டியதும் "மாட்டியாச்சு!" என்று கத்த வேண்டும். அது கேட்காமல், கீழே எஞ்சினை இயக்கும் வின்ச்காரர் பாரத்தைத் தூக்கமாட்டார்.

இது புது டிசைன். சாலையில் போகிறவர்கள் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டுமாம். ஒற்றைக் குழாய், சிறகு போல இரண்டு கைகள். கைகள் தொடங்குமிடத்தில் ஏணி முடிந்துவிடும். அதற்கப்புறம் கொக்கி மாட்ட ஒரு வளையம் கிடையாது.

முதல் நாளே கேட்டோம். "வளையம் வச்சா லட்சணம் போயிடுமாம். வேலையைப் பாருங்கப்பா" என்றார் கான்ட்ராக்டர். பார்த்தோம். கொக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டே "மாட்டியாச்சு" என்று கத்தினோம். எல்லோரும்தான்.

நேற்று மச்சானும் கத்தினார். பாரம் ஆடி இடித்ததில் கீழே விழுந்தார். ஆஸ்பத்திரியில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறார்.

இன்று அக்கா அவருடைய பெல்ட்டோடு கான்ட்ராக்டர் முன்னால் வந்து நின்றாள்.

"வைத்தியத்துக்கு நான் எப்படிம்மா பொறுப்பு? மாட்டாம நின்னது உன் புருஷன்."

"மாட்ட இடமே இல்லையே சார்."

"இடமில்லாமயா மாட்டியாச்சுன்னு கத்தினான்? என் காதால கேட்டேன்."

எங்கள் பொய்யையே எடுத்து எங்கள் கழுத்தில் போட்டார். நேற்று ஆஸ்பத்திரி வாசலிலும் இதையேதான் சொன்னார். அவர் போனபிறகு அங்கேயே நின்று நாங்கள் பேசி ஒரு முடிவெடுத்திருந்தோம்.

அவர் அண்ணாந்து கத்தினார்: "மாட்டியாச்சா?"

ஏணியின் கடைசிப் படியில் கொக்கியை மாட்டிக்கொண்டு நான்கு பேரும் அதற்கு மேல் ஏறாமல் நின்றார்கள்.

"தூக்குய்யா!"

வின்ச்காரர் எஞ்சினை அணைத்தார். "சத்தம் வரலையே சார்."

"வாயில கொழுக்கட்டையா? இறங்கித் தொலைங்க. அடுத்த டவர் ஆளுங்கள கூப்பிடுறேன்."

"அங்கேயும் பாருங்க" என்றேன்.

திரும்பினார். சாலை நெடுக வெள்ளைக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஏணி முடியும் இடத்தில் ஆட்கள், அசையாமல். ஒரு எஞ்சின் சத்தமும் இல்லை.

அக்கா பெல்ட்டை அவர் கையில் திணித்தாள்.

"எங்க மாட்டணும்னு நீங்களே ஏறிக் காட்டுங்க சார். அப்புறம் அவங்க கத்துவாங்க."