கையெழுத்துக்காரர் வீட்டுக் கல்யாணம்

ஹபீபுல்லா ஜர்கர் பதினோரு நாள் சிறையில் இருந்தார். அதைப் பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் மொஹல்லாவில், அதாவது எங்கள் பேட்டையில், அவரைப் பற்றிய பேச்சு எப்போதும் இதில்தான் தொடங்கும். நானும் இதிலேயே தொடங்கிவிடுகிறேன்.

சஃபா கதல் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஆற்றை ஒட்டிய சந்தில், அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். தபாலாபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவன் நான், மொஹல்லாவுக்கு முன்ஷி. யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்று தெரிந்தால் போதும், மனிதரைப் பற்றிய மீதியை ஊகித்துவிடலாம். இளவயதில் ஹபீபுல்லா, ரசூலின் ரொட்டிக்கடைப் பலகைமேல் ஏறி நின்று முழங்குவார். கட்சித் தலைவரைச் சிறையில் போட்டபோது, "ரத்தம் சிந்துவேன்" என்றார். சிந்தினார், ஒரே ஒரு முறை, சவரம் செய்யும்போது. பிறகு தலைவரை உள்ளே வைத்தவர்களோடேயே சேர்ந்து மந்திரியானார். நாலு வருஷம் காரில் கொடி பறந்தது. அவர்களுக்கும் அவர் சலித்துப்போனதும், டில்லி அவரை ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் தேசத்துக்குத் தூதராக அனுப்பியது. அந்த நாட்டுத் தபால்தலைகளில் எல்லாம் கொம்பு வைத்த மான். ஆறு வருஷம் அங்கே இருந்து அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: சொல்லும் வாக்கியத்திலிருந்து தன்னை மட்டும் எப்படி நழுவவிடுவது.

மந்திரியாக இருந்த காலத்தில்தான் அந்தத் தாள் வந்தது. முப்பத்தொரு பெயர்கள். ஒரு பனிக்காலக் காலையில் முப்பத்தொரு பேரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ரசூலின் மகன் மன்சூரும் அதில் ஒருவன், பத்தொன்பது வயது. மந்திரியின் காரைப் பார்த்து "ஹப்லா, இறங்கி வா!" என்று கத்தியதுதான் குற்றம். ஹப்லா என்பது ஹபீபுல்லாவுக்குச் சின்ன வயதில் நாங்கள் வைத்த செல்லப்பெயர். இரண்டு வருஷம் கழித்து மன்சூர் ஜம்மு சிறையிலிருந்து திரும்பினான், வலது காதின் கேட்கும் சக்தியை அங்கேயே விட்டுவிட்டு. தாளின் அடியில் இருந்த கையெழுத்தை அவன் தன் கண்ணால் பார்த்திருந்தான். ரொட்டிக்கடைப் பலகையில் சின்ன வயதில் ஹப்லா கரியால் கிறுக்கிப் பழகிய அதே கையெழுத்து.

மசூதியில் மொஹல்லா கூடி முடிவெடுத்தது. ஹப்லா வீட்டு வாசலை யாரும் மிதிப்பதில்லை, நல்லதற்கும் கெட்டதற்கும். அவருடைய தாயார் இறந்தபோது தோள் கொடுக்கப் போலீஸ்காரர்கள்தான் வந்தார்கள். நான் ஜன்னலைப் பாதி திறந்து பார்த்தேன். பெட்டியை அவர்கள் தூக்கிய விதம் சரியே இல்லை.

இத்தனைக்கும் பிறகு மனிதர் மகள் தாஹிராவின் கல்யாணத்துக்கென்று ஊர் திரும்பினார். மாப்பிள்ளை வீடு சோப்போர். ஆப்பிள் வியாபாரி சோனாவுல்லா தாந்த்ரேயின் மகன். இந்தச் சம்பந்தம் எப்படி அமைந்தது என்பதைக் கேட்டால் நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். சோனாவுல்லாவின் தம்பியும் அந்த முப்பத்தொரு பேரில் ஒருவர். மூன்றே மாதத்தில் விட்டுவிட்டார்கள். "நான்தான் மேலிடத்தில் மன்றாடி உங்க தம்பியை வெளியே எடுத்தேன்" என்று ஹபீபுல்லா அவரிடம் சொல்லியிருந்தார். அந்த நன்றிக்குத்தான் பெண் எடுக்க வந்தார் மனிதர். நன்றி சொல்லிப் பெண் கேட்டு சோனாவுல்லா எழுதிய கடிதம் என் கைவழியாகத்தான் போயிற்று. உறை சரியாக ஒட்டியிருக்கவில்லை, அதற்கு நான் என்ன செய்ய?

சோனாவுல்லா நேரான ஆள். ஒரு நிபந்தனை போட்டார். "பொண்ணோட மொஹல்லாக்காரங்க எங்களோட ஒரே பந்தியில உக்காரணும். சொந்தத் தெருவே சாப்பிடாத வீட்டுல நான் சம்பந்தம் வைக்கமாட்டேன். சாப்பாடு முடிஞ்சாத்தான் நிக்காஹ்."

ஆக, நாங்கள் போகாவிட்டால் கல்யாணம் இல்லை.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, காலையில் ரொட்டிக்கடை நெரிசலாக இருந்த நேரத்தில், தூதர் கரகுல் தொப்பியோடு வந்து நின்றார். எல்லாரும் அடுப்பையே பார்த்தோம்.

"ரசூல் காக், உடம்பு எப்படி இருக்கு?" மூத்தவரை நாங்கள் காக் என்போம்.

"அடுப்பு நல்லா எரியுது, தூதர் சாகிப்."

"நம்ம சந்துக்குக் குழாய்த் தண்ணி கொண்டுவரலாம்னு நினைக்கிறேன். பேசிட்டேன். ஒரு மாசத்துல..."

"ஆத்துலயே தண்ணி இருக்கு. பத்து வருஷமா ஓடுது, நீங்க கவனிக்கல."

நாவிதர் அஜீஸ் பொங்கிவந்த சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"மன்சூருக்கு ஆஸ்பத்திரியில ஒரு வேலை சொல்லிவைக்கிறேன்."

"காது மாட்டுற வேலையா?"

தூதரின் முகம் அசையவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். ஆறு வருஷம் சம்பளம் வாங்கி அசையாமல் இருக்கப் பழகியவர். கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "காக், நான் என்னதான் செய்யணும்? என் பொண்ணு என்ன பாவம் பண்ணினா?"

ரசூல் மாவு படிந்த கையை உதறினார். "ஒண்ணும் செய்ய வேண்டாம். நான்தான் கையெழுத்துப் போட்டேன்னு ஒரு வாட்டி சொல்லுங்க. எல்லார் முன்னாடியும். அவ்வளவுதான்."

தூதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "எழுத்துல தர்றேன்" என்றார்.

மறுநாளே வந்துவிட்டது. தட்டச்சு, நல்ல தடித்த காகிதம். ரசூலுக்குப் படிக்கத் தெரியாது, என்னைத்தான் வாசிக்கச் சொன்னார். "அன்றைய அசாதாரணச் சூழ்நிலையில் எடுக்கப்பட நேர்ந்த சில நடவடிக்கைகளால் சில குடும்பங்களுக்கு நேர்ந்துவிட்ட சிரமங்கள் ஆழ்ந்த வருத்தத்துக்குரியவை." நான் இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவை கொஞ்சம் நடித்தும் காட்டினேன்.

ரசூல் கண்ணை மூடிக் கேட்டார். "முன்ஷி, இதுல ஆளையே காணோமே?"

"ஆள் இல்ல காக்."

"ஆலங்கட்டி மழை பெஞ்சு பயிர் போன மாதிரி எழுதியிருக்கான்."

அஜீஸ் பொரிந்தார். "அவன் சொல்லமாட்டான், காக். சொன்னா சோப்போர்க்காரன் காதுல விழும். தம்பியை விடுவிச்சவன்னு நெனச்சுதானே அந்த மனுஷன் வர்றான்? உள்ளே போட்டதே இவன்னு தெரிஞ்சா?"

"எனக்கும் அது தெரியும்" என்றார் ரசூல். மன்சூர் அடுப்பிலிருந்து ரொட்டிகளைக் கம்பியால் எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எவ்வளவு கேட்டதோ. ரசூல் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போவோம்" என்றார். "எல்லாரும் போவோம். வீட்டுக்கு ஒரு ஆளாவது."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷக் கட்டுப்பாட்டை ஒரு துண்டுக் காகிதத்துக்கா விற்பது? அதே சமயம், பொய் சொல்வானேன், சந்தோஷமாகவும் இருந்தது. சமைக்க வருபவர் கஃபார் என்பது எனக்கு முன்பே தெரியும். கஃபார் தட்டித் தட்டி உருட்டும் இறைச்சி உருண்டைக்காகக் கொள்கைகளை இழந்தவர்கள் இந்த ஊரில் நிறைய உண்டு.

கல்யாணத்தன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் தூதர் வீட்டு முற்றத்தில் பந்தி. மேலே ஷாமியானா, கீழே வெள்ளைத் துணி. நாலு பேருக்கு ஒரு திராமி, அந்தப் பெரிய செம்புத் தட்டு. எங்கள் திராமியில் ரசூல், மன்சூர், அஜீஸ், நான். எதிர்த் திராமியில் சோனாவுல்லா, அவருடைய தம்பி, மாப்பிள்ளையின் மாமா, மசூதி இமாம். பெண்கள் மாடியில் இருந்தார்கள். பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. தூதர் அச்கன் என்ற நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரர் நிற்கவேண்டிய இடத்தில் நின்றார். அத்தனை பேர் வந்ததில் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. என்னைக்கூடக் கட்டிப்பிடித்தார்.

கை கழுவினோம். திராமிகள் வந்தன. மூடியைத் தூக்கியதும் வந்த வாசனையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, எழுதினால் கதை நின்றுவிடும். மொஹல்லாவில் மூத்தவர் ரசூல். அவர் கை வைத்தால்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டாரும்தான்.

ரசூல் கை வைக்கவில்லை. இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் துஆ ஓதுகிறார் என்று நினைத்தேன். பிறகு நீளமான துஆ என்று நினைத்தேன். சோற்றின்மேல் நெய் உறையத் தொடங்கியது. அறுபது திராமி, இருநூற்று நாற்பது பேர், ஒரு விரல் அசையவில்லை. சோனாவுல்லா தாடியைத் தடவிக்கொண்டு தூதரைப் பார்த்தார்.

"ரசூல் காக், பிஸ்மில்லா" என்றார் தூதர், சிரித்தபடி.

ரசூல் நிமிர்ந்தார். "ஆகட்டும். நீங்க சொன்னதும்."

"நான்தான் எழுத்துல..."

"எனக்குப் படிக்கத் தெரியாது, ஹப்லா."

மாடியில் பாட்டு நின்றது. தூதர் தொண்டையைச் செருமினார். "அன்பான அண்டை வீட்டாரே, சில காலங்களில் சில முடிவுகள், யாருடைய விருப்பமும் இல்லாமலேயே..."

ஒரு கையும் எழவில்லை. அவர் வேறு பக்கமிருந்து தொடங்கினார். காலம் என்றார், நெருக்கடி என்றார், நம் எல்லோருடைய பொறுப்பு என்றார். "நாங்க எதுக்குப் பொறுப்பு?" என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்கள்.

அடுப்பங்கரையிலிருந்து சமையல்காரர் கஃபார் கரண்டியோடு வெளியே வந்தார். இடுப்பில் துணி, முகமெல்லாம் வேர்வை. "சாகிப்! அது என்ன கருமமா இருந்தாலும் சொல்லித் தொலையுங்க! விடியுறதுக்கு முன்னாடி எழுந்து இறைச்சி இடிச்சிருக்கேன். ஆறிட்டா கல்லாப் போயிடும். என் பேரு கெடும், உங்க பேரு இல்ல. அது கெட்டு ரொம்ப நாளாச்சு!"

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் கொஞ்சம்.

தூதர் மாடி ஜன்னலைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் யாராவது நின்றிருக்க வேண்டும். பிறகு சோனாவுல்லாவைப் பார்த்தார், பிறகு தரையை. 

"நான்தான் போட்டேன்" என்றார்.

"உரக்க" என்றார் ரசூல். "அவனுக்கு வலது காது கேக்காது. நீங்க அந்தப் பக்கம் நிக்கிறீங்க."

அவர் நகர்ந்து மன்சூரின் இடப்பக்கம் வந்தார்.  

"அந்தத் தாள்ல நான்தான் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தொரு பேர். படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல."

மன்சூர் தலையை ஆட்டினான், கேட்டுவிட்டது என்பதுபோல. 

எதிர்த் திராமியில் சோனாவுல்லாவின் தம்பி முகம் வெளுத்துப்போய் அண்ணனைப் பார்த்தார். சோனாவுல்லா எழுந்துவிட்டார். சால்வையை உதறித் தோளில் போட்டார். "முப்பத்தொண்ணா? என் தம்பியுமா? அவனை வெளியே எடுத்தேன்னு என் வீட்டுல உக்காந்து என் டீயைக் குடிச்சிக்கிட்டே சொன்னியே!"

 சோப்போர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழத் தொடங்கினார்கள். மாடியில் ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது.

அப்போது ரசூல் குரல் கொடுத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, கடையில் வரிசையை ஒழுங்குபடுத்தும் அதே குரல். "தாந்த்ரே சாகிப், உக்காருங்க."

"இவன் வீட்டுலயா?"

"இவனைப் பாக்காதீங்க. நானும் பாக்கல. பொண்ணு எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போடல. அவளைத்தானே கூட்டிட்டுப் போக வந்தீங்க?" சற்று நிறுத்திச் சேர்த்தார்: "என் பையனோட போன காதுக்குப் பதிலா ஒரு பொண்ணோட கல்யாணத்தை எடுத்துக்கிட்டா எனக்குக் கட்டுப்படியாகாது."

சோனாவுல்லா நின்றுகொண்டே இருந்தார். தம்பிதான் அவர் சால்வை நுனியைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்தார்.

ரசூல் பிஸ்மில்லா சொல்லிச் சோற்றில் கை வைத்தார். இருநூற்று நாற்பது கைகளும் கூடவே இறங்கின. உருண்டை ஆறித்தான் போயிருந்தது. ஆனாலும் கஃபார் கஃபார்தான்.

சாப்பாடு முடிந்ததும், கை கழுவும் செம்பையும் தொட்டியையும் வேலையாளிடமிருந்து தூதரே வாங்கிக்கொண்டு நேராக ரசூலிடம் வந்து மண்டியிட்டார். கொடி பறந்த காருக்குச் சொந்தக்காரர். ரசூல் வேண்டாம் என்பார், எழுந்து கட்டிக்கொள்வார் என்று இமாம் எதிர்பார்த்திருப்பார். ரசூல் கையை நீட்டினார்.

"ஊத்துங்க."

ஊற்றினார்.

"இன்னும்."

செம்பு காலியாகி இன்னொரு செம்பு வந்தது. விரல் விரலாக, நகம் நகமாக ரசூல் கழுவினார். ஒரு தடவைகூடத் தூதர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஃபெரன் அங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு மகனோடு வெளியேறினார்.

நிக்காஹ் நடந்தது. மூன்று மணிக்குப் பெண்ணைக் காரில் ஏற்றினார்கள். சோனாவுல்லா இமாமைக் கட்டிக்கொண்டார், அஜீஸைக் கட்டிக்கொண்டார், என்னைக்கூட. தூதரிடம் வந்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உங்க பொண்ணு இனி என் பொண்ணு. கண்ணுல வெச்சுப் பாத்துக்குவோம். நெனச்சப்போ வருவா, போவா. நீங்க எங்க வீட்டுக்கு வர வேண்டாம்."

தூதர் என்ன சொன்னார் என்று கேட்பதற்காக நான் கார்க் கதவுவரை போய்விட்டேன். வண்டி இரைச்சலில் ஒன்றும் விழவில்லை. தலையை மட்டும் மெல்ல அசைத்தார், ஆமாம் என்றும் இல்லாமல், இல்லை என்றும் இல்லாமல்.