உயிரினங்கள்: இல்லை

விடியற்காலையில் வாசல் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டால்தான் அவளுக்கு நிம்மதி. அண்ணன் வெளியே கிளம்பிவிட்டார் என்று அர்த்தம்.

அண்ணி இறந்து ஒன்றரை வருடம். அண்ணனைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்த புதிதில் கட்டிலைவிட்டு எழுந்ததே இல்லை. தட்டை வைத்தால் இரண்டு வாய். பேச்சுக் கொடுத்தால் 'உம்'. "மருந்து பாதிதாம்மா. மீதிக்கு அவரா எழுந்து நடக்கணும்," என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தானாகவே எழுந்து கால்வாய் வளைவுவரை போய் வந்தார். அன்றிலிருந்து தினமும் அதே வழக்கம். எட்டு மணிக்குத் திரும்புவார். செருப்பெல்லாம் சேறு. ஆனால் பசிக்குது என்று வாய்விட்டுக் கேட்பார்.

"அப்படி என்னண்ணா இருக்கு அங்க?"

"சும்மா."

ஒருநாள் கரைச் சரிவில் வழுக்கி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். மருந்து தடவும்போது அவளுக்கு ஒரே நினைப்புதான். இன்னொரு முறை விழுந்தால் மனிதர் மறுபடி கட்டிலோடு ஒட்டிக்கொள்வார்.

அதைத் தடுக்க அவளால் முடியும். நகரப் பூங்காப் பிரிவில் வரைபடம் போடுவதுதான் அவள் வேலை. கால்வாய்க் கரையில் நடைபாதை போடும் திட்டம் அவள் மேசையில்தான் கிடந்தது. பாதையை வளைவுவரை நீட்டினாள். அங்கே கைப்பிடிக் கம்பி, தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. குறுக்கே ஒரு நாணல் புதர் நின்றது. வெட்டிச் சமன்படுத்த வேண்டியதுதான்.

வெட்டுவதற்கு முன் நேரில் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். அலுவலக வண்டி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, தேநீர் குடித்து முடித்த பிறகுதான் நகரும். வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. படிவத்தின் கடைசிக் கட்டம்: உயிரினங்கள்.

எட்டிப் பார்த்தாள். ஒரு தும்பிகூட இல்லை.

"பறவைங்க கையெழுத்துப் போட்டுட்டு இப்பதான் கிளம்பியிருக்கும் மேடம். நம்ம ஆபீஸ் மாதிரி," என்றார் ஓட்டுநர்.

அவள் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதினாள்.

நான்கு மாதத்தில் பாதை தயார். வேலை நடந்த நாளெல்லாம் கரையைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அண்ணன் வீட்டிலேயே கிடந்தார். "கொஞ்சம் பொறுத்துக்கோண்ணா, உனக்கு ஒண்ணு காட்டப்போறேன்," என்று அவள் சமாதானம் சொல்லி வந்தாள்.

திறந்த மறுநாள் விடிந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"எப்படிண்ணா இருக்கு? இனி வழுக்காது."

அண்ணன் தண்ணீரையே பார்த்தார்.

"நாணல் எங்க?"

"வெட்டியாச்சு. உனக்காகத்தான்..."

"அதுலதான் தாழைக்கோழி கூடு கட்டியிருந்துச்சு. அஞ்சு குஞ்சு. உங்க அண்ணி போனப்புறம் நான் எண்ணிப் பார்த்தது அதைத்தான்."

ஒரே மூச்சில் அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"நான் வந்து பார்த்தேண்ணா! ஒண்ணுமே இல்லையே!"

"எத்தனை மணிக்கு வந்தே?"

"பதினொண்ணு."

"வெயில் ஏறினா அதுங்க உள்ள பதுங்கிடும்," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

கேட்டாளே! 'சும்மா' என்றாரே!

மறுநாள் தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும்.

அவள் பிரிவுத் தலைவரிடம் ஓடினாள். எதைக் கொடுத்தாலும் அழித்துத் திருத்துவதால் அவருக்கு ஆபீஸில் 'ரப்பர்' என்று பெயர்.

"வளைவுல மறுபடி நாணல் வைக்கணும் சார். அங்க பறவை இருந்திருக்கு."

ரப்பர் கோப்பைப் புரட்டி, அவளுடைய படிவத்தையே அவள் பக்கம் திருப்பினார். "இல்லைன்னு நீங்கதானம்மா எழுதியிருக்கீங்க. இல்லாதது எப்படிம்மா திரும்பி வரும்?"

எதை எதையோ அழிக்கிற மனிதர், அந்த ஒரு சொல்லை மட்டும் அழிக்க மறுத்துவிட்டார்.

அடுத்த பத்து நாளும் விடியற்காலையில் அவளே போனாள். பெஞ்சில் உட்கார்ந்து கண் வலிக்கப் பார்த்தாள். பின்னால் ஆட்கள் வேர்க்க விறுவிறுக்க நடந்தார்கள். "என்ன அழகா பண்ணியிருக்காங்க!" என்று ஒரு அம்மாள் சொல்லிவிட்டுப் போனாள். எதிர்க்கரையில் கான்கிரீட். நடுவே துடைத்துவிட்ட மாதிரி தண்ணீர்.

பத்தாம் நாள் வீடு திரும்பியபோது அண்ணன் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"இருந்துச்சா?"

ஒரு பொய் சொன்னால் போதும். நாளைக்கு எழுந்து வருவார். வந்து? பெஞ்சில் உட்கார்ந்து, அவரும் பார்ப்பார்.

"இல்லைண்ணா."

அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். வாசலில் அவருடைய செருப்பு, சேறு படாமல் சுத்தமாக இருந்தது.