பாத்ரூம் சுவர் காய்ந்த கதை

என் கணவருக்குப் பெயிண்ட் அடிப்பதில் அப்படி ஓர் ஆசை. பாத்ரூம் சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு பொரிந்து உதிரும். இவர் ஒரு சுரண்டு சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்டை இழுத்துவிட்டுக் கோட்டையைப் பிடித்தவர் மாதிரி வந்து நிற்பார். வருஷா வருஷம் இதே கூத்து. கொஞ்ச நாளில் சுவர் மறுபடி பல்லை இளிக்கும்.

சுவர்தானே, எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் அதற்கு மறுபக்கம் என் மாமனாரின் அறை. அங்கேயும் பூஞ்சை கறுப்பாகப் படர்ந்து, அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. ஈரம்தான் காரணம் என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், கணவரின் அண்ணன் வந்து இறங்கிவிட்டார்.

"மழைக்கு முன்னாடி சுவரைச் சரி பண்ணுங்க. இல்லன்னா அப்பாவை நான் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கு எரிச்சலே அதனால்தான்.

அவர் போனதும் மாமனார் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, அவன் வீட்ல தும்மறதுக்குக்கூட நேரம் பார்க்கணும். என்னை அனுப்பிடாதே."

"யாரு அனுப்புறாங்கன்னு பார்க்கிறேன், மாமா" என்றேன்.

மறுநாளே இவர் புது டைல்ஸ் மாதிரிகளோடு வந்து நின்றார். "மேல இதை ஒட்டிட்டா ஈரம் யாருக்குத் தெரியப் போகுது?"

"உங்கப்பா நெஞ்சுக்குத் தெரியும்!" என்று கத்தினேன். டைல்ஸ் கட்டிலுக்கு அடியில் போனது.

மாமனாரை ஹாலில் படுக்கவைத்துவிட்டுக் கொத்தனாரை வரவழைத்தேன். செங்கல் தெரிகிறவரை இரண்டு பக்கமும் கொத்தச் சொன்னேன். ஷவர் குழாய்தான் ஒழுகுகிறது என்று இவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஷவர் பக்கம் கொத்திப் பார்த்தால் செங்கல் நன்றாகத்தான் இருந்தது. ஈரமெல்லாம் டவல் கம்பியைச் சுற்றித்தான்.

"அதை மட்டும் விட்டுடுங்க. நானே மாட்டினது, நல்லா உறுதியா நிக்குது" என்று இவர் குறுக்கே வந்தார்.

கொத்தனார் என்னைப் பார்த்தார். "கழட்டுங்க" என்றேன்.

முதல் ஸ்க்ரூ வெளியே வந்ததும் பீச்சியடித்தது பாருங்கள் தண்ணீர், நேராக இவர் மூக்குக்கண்ணாடியில்! சுவருக்குள் போகிற குழாயையே துளைத்துக் கம்பியை மாட்டியிருக்கிறார் மகானுபாவர். ஓட்டையும் அந்த ஸ்க்ரூதான், அடைப்பும் அதேதான். அது சொட்டுச் சொட்டாகக் கசிய, இவர் அதைக் கழற்றாமலே சுற்றிச் சுற்றிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்.

"நல்லா உறுதியாதான் இருந்துச்சு" என்றார் கொத்தனார். நான் சிரித்த சிரிப்பில் மாமனார் ஹாலிலிருந்து என்ன என்னவென்று கேட்டார்.

பிளம்பர் வந்து குழாயை மாற்றினார். அதற்குப் பிறகுதான் பெரும்பாடு. சுவர் காயவேண்டுமே! ஜன்னலைத் திறந்து, ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி, கொல்லைப்புறத்தில் வாளி வைத்துக் குளித்தோம். உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, பிளாஸ்டிக் தாளைச் செங்கல்மேல் விளிம்பெல்லாம் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பிரித்தேன். உள்பக்கம் முத்து முத்தாக நீர். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணனும் வருகிற ஞாயிறு வருவதாகப் போன் செய்துவிட்டார்.

"இதுக்கு மேல காத்திருந்தா அப்பா கிளம்பிடுவாரு. பூசிடலாம்" என்றார் இவர். பாவம், குரலே உடைந்திருந்தது.

எனக்கும் பயம்தான். ஆனால் ஈரத்தின்மேல் பூசினால் மறுபடி அதே கதை. "முடியாது" என்றேன். மறுபடி ஒட்டினேன், மறுபடி நீர். அடுத்த முறை பிரித்தபோது தாள் மொடமொடவென்று உலர்ந்திருந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அன்றைக்கே பூச்சு வேலை ஆரம்பித்தது.

அண்ணன் காரோடு வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெறும் சிமெண்ட் பூச்சு, அழகு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் தடவினார், முகர்ந்தார், குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருந்து மறுபடி தடவினார். கொத்தி எடுத்த பூஞ்சைக் குப்பையையும் அந்தப் பழைய ஸ்க்ரூவையும் காட்டினேன். மாமனாருக்கு இழுப்பு நின்று எத்தனையோ நாளாகிவிட்டது.

"சரிப்பா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் அப்பாவிடம்.

மாமனார் ஹால் கட்டிலிலிருந்து எழுந்து, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் தன் அறைக்கு நடந்தார்.

"டேய் பெரியவனே, மழையில நனைஞ்சிட்டே. வந்ததுக்கு ஒரு குளியல் போட்டுட்டுப் போ. நான் வரல."