பயாலிக்கு ஓர் உள்ளுடுப்பு

அத்-பாஷி என்ற மலையூரில் குளிர்காலத்தில் மலையாட்டு வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லாரும் உள்ளுடுப்பு வாங்குவது எல்னூராவிடம்தான். சந்தையில் அவளுடைய இரும்புக் கண்டெய்னர் கடை முன்னால் நிற்காத வேட்டைக்காரனே கிடையாது. ஊரில் ஒரே ஒருவர்தான் அங்கே போக முடியாதவர். அவர் அவளுடைய மாமனார் பயாலி.

நீங்களே சொல்லுங்கள். மருமகள் என்பவள் மாமனாரின் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். அவருக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டாள். அவர் உள்ளே வந்தால் தலைத்துணியைச் சரி செய்துகொண்டு எழுந்து நிற்பாள். அப்படிப்பட்டவளிடம் போய், "அம்மாடி, இடுப்புக்குக் கீழே போட எனக்கு ஒன்று எடுத்துக் கொடு" என்று எந்த மாமனார் கேட்பார்? கேட்டுவிட்டு ஊரில் நடமாட முடியுமா?

பயாலியிடம் இருந்தது பட்டாளத்தில் கொடுத்த பருத்தி உள்ளுடுப்பு. பட்டாளமே கலைந்து போய்விட்டது, அந்த நாடும் போய்விட்டது, உள்ளுடுப்பு மட்டும் போகவில்லை. மனைவி இறந்த பிறகு அதை அவரே துவைத்தார். மருமகள் கண்ணில் படக் கூடாது என்று மாட்டுக் கொட்டகையில் காயப்போட்டார். அது அங்கே விறைத்து, தலையில்லாத ஆள் மாதிரி நிற்கும். வீட்டு நாய் அதைப் பார்த்துக் குரைக்கும். நாய் ஏன் குரைக்கிறது என்று எல்னூரா ஒரு நாளும் கேட்டதில்லை. அவளுக்குத் தெரியாதென்று இவர் நம்பிக்கொண்டிருந்தார்.

வேட்டையில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. விரட்டுகிறவர்கள் பள்ளத்தாக்கிலிருந்து ஆடுகளைக் கலைத்து மேலே ஓட்டுவார்கள். உட்காருகிறவர் கணவாயில் அசையாமல் காத்திருந்து சுடுவார். உட்காருகிற இடம் பல வருடமாகப் பயாலியுடையது. போன வருடம் அங்கே அவருக்கு விரல் விறைத்துவிட்டது. ஆடு எதிரில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது. துப்பாக்கி வெடிக்கவே இல்லை.

இந்த வருடம் முதல் பனி விழுந்ததும் வேட்டைக்குத் தலைவரான சாகின், பயாலியின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"இந்தா பாரு பயாலி, அந்தக் கந்தலப் போட்டுக்கிட்டு இனிமே கணவாய்ல உட்கார முடியாது. ஒழுங்கான கம்பளி வாங்கு. இல்லையா, கீழ நின்னு குதிரையப் பிடிச்சுக்க."

"குதிரையா? நானா?"

"பின்ன நானா? ஊருக்கெல்லாம் உன் மருமகதானே உடுப்பு குடுக்குறா. உனக்கு மட்டும் என்ன கேடு?"

சாகினுக்கு மருமகள் கிடையாது. அவருக்கென்ன, பேசுவார். பயாலிக்கு அன்று கறியும் இறங்கவில்லை, டீயும் இறங்கவில்லை. கணவாய் போனால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? நிலக்கரி லாரி ஓட்டும் மகன் வீட்டுக்கு வந்தபோது ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். அந்தப் புண்ணியவான், "அதுக்கென்னப்பா, கடைக்குப் போய் அளவு குடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

கடைசியில் கூட்டாளி தாஷ்மத்தைப் பிடித்தார். தாஷ்மத் விரட்டுகிற ஆள். உடம்பு மாவு மூட்டை. அவர் ஏறினால் குதிரை ஒரு தடவை திரும்பிப் பார்க்கும்.

"உனக்குன்னு சொல்லி வாங்கிக் குடுத்துடுடா."

"உன் உடம்புக்கு வாங்குனா அதுல என் ஒரு கால்தானே நுழையும்? அவ நம்புவாளா?"

"நீ போய்க் கேளு. மீதிய அல்லா பாத்துக்குவான்."

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பயாலி எதிர்க்கடையில் தொங்கிய சேணங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அறுபத்தைந்து வயது மனிதர், சேணக்கடைக்காரன் "என்ன பெரியவரே வேணும்?" என்று கேட்கக் கேட்க, "சும்மா பாக்குறேன், சும்மா பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

எல்னூரா எல்லாரிடமும் முதலில் கேட்கிற கேள்வியைத் தாஷ்மத்திடமும் கேட்டாள்.

"நீங்க விரட்டுற ஆளா, உட்கார்ற ஆளா? விரட்டுறவங்களுக்கு மெல்லிசு, வேர்வைய வெளிய விட்டுடும். உட்கார்றவங்களுக்குத் தடிச்ச கம்பளி."

"உட்கார்ற ஆள்" என்றார் தாஷ்மத்.

"எப்பலேர்ந்து?"

"இந்த வருஷத்துலேர்ந்து. முட்டி வலிக்குதும்மா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வயிற்றில் பார்வை சற்று நின்றது. பிறகு பெரிய அளவு அடுக்கியிருந்த பக்கம் கையே நீட்டாமல், அடியிலிருந்து ஒன்றை உருவினாள். ஒல்லியான, கை நீண்ட ஆளுக்கான அளவு.

"இது உங்களுக்குச் சரியா இருக்கும் மாமா."

தாஷ்மத் அதை வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தார். தொப்புளைக்கூட அது மூடவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் இருமினார்கள்.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றார் தாஷ்மத். நட்பு என்றால் அதுதான்.

"ஒரு விஷயம். இதுக்குள்ள பழைய பருத்தியப் போடக் கூடாதுன்னு சொல்லிடுங்க. பருத்தி வேர்வையக் குடிச்சு வச்சுக்கிட்டு ஐஸாயிடும். வெறும் உடம்புல இதைத்தான் போடணும்."

"யார்கிட்டம்மா சொல்றது?"

"உங்களுக்கு நீங்களேதான் சொல்லிக்கணும்" என்றாள் அவள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

சேணத்துக்குப் பின்னால் பயாலிக்குக் காது சுட்டது. இவளுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லையா? தெரிந்திருக்காது என்று முடிவு செய்துகொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

வேட்டை நாள் வந்தது. விடியும் முன்பே பயாலி வெறும் உடம்பில் அந்தக் கம்பளியைப் போட்டுக்கொண்டு குதிரையில் ஏறி, கணவாய்க்குக் கீழே இறங்கி, மீதியை நடந்தார். அவசரப்படவில்லை. வேர்த்துவிட்டால் கம்பளியும் காப்பாற்றாது என்று அவருக்கும் தெரியும். பாறை மறைவில் ஆட்டுத்தோலை விரித்து, துப்பாக்கியை மடியில் வைத்து உட்கார்ந்தார். குளிர் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

குளிர் வரவில்லை.

முதுகு சூடாக இருந்தது. முட்டி சூடாக இருந்தது. இத்தனை வருடம் வாடகை இல்லாமல் குடியிருந்த இடுப்பு வலியைக்கூடக் காணவில்லை. காற்று பாறையில் மோதி ஊளையிட்டது, இவருக்கு அது பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி இருந்தது. அடடா, ஊரில் இருக்கிற கழுதைகள் எல்லாம் இத்தனை நாளாக இப்படியா மலையேறியிருக்கிறார்கள், நான் ஒருவன்தானா வீம்பு பிடித்துச் செத்தேன் என்று நினைத்தார். நினைத்தது அவ்வளவுதான். தலை சாய்ந்தது.

குதிரை கனைக்கிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தபோது சூரியன் எதிர் மலைக்கு மேல் நின்றது. அவர் காலடியில் பனி முழுக்கக் குளம்புத் தடம். ஒன்றிரண்டு அல்ல, ஒரு மந்தையே போயிருக்கிறது. அதில் ஒன்று அவர் பூட்ஸுக்குப் பக்கத்தில் நின்று புழுக்கையும் போட்டுவிட்டுப் போயிருந்தது.

கீழேயிருந்து சாகினும் தாஷ்மத்தும் மற்றவர்களும் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள்.

"நாங்க விரட்டுனது உன் மூக்குக்கு நேரா வந்திருக்கே. ஏன்யா சுடல?" என்றார் சாகின்.

பயாலி வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலும் சொன்னார். "விரல் மறுபடியும் விறைச்சுப் போச்சா?"

பயாலி பூட்ஸுக்குப் பக்கத்தில் கிடந்த புழுக்கையைக் காலால் தள்ளினார்.

"அப்ப சரக்குதான் மோசம். உன்மேல தப்பில்ல. நான் சொன்னபடி கம்பளி வாங்கிட்ட, அது காப்பாத்தலைன்னா நீ என்ன பண்ணுவ? அடுத்த தடவ நாரின் டவுன்ல போய் நல்லதா வாங்கு. கணவாய் உன்னுதுதான்."

"எனக்கும் காலைலேர்ந்து முதுகுல சுரீர்னுதான் இருந்துச்சு" என்றான் விரட்டுகிறவர்களில் ஒருவன்.

"எனக்குத் தொடையில" என்றான் இன்னொருவன். அதுவரை அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை சந்தையில கேட்டுடுவோம். எல்லாத்தையும் அவ மூஞ்சில எறிஞ்சிட்டுக் காசைத் திருப்பி வாங்குவோம்" என்றார் சாகின்.

தாஷ்மத் மட்டும் பயாலியின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் காலரின் மடிப்பு அதில் அச்சாகப் பதிந்திருந்தது. பார்த்தவர் மெல்ல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பயாலி ஒரு "ஆமாம்" சொன்னால் போதும். "ஆமாம், குளிர்தான்." விறைத்தவனைப் பார்த்து வேட்டைக்காரன் பரிதாபப்படுவான். கணவாயில் தூங்கியவனைப் பேரன் காலம் வரைக்கும் விட மாட்டான். அந்த ஆமாம் அவருடைய நாக்கு நுனி வரை வந்துவிட்டது, பொய் சொல்வானேன். அப்போது எல்னூராவின் கண்டெய்னர் கடை நினைவுக்கு வந்தது. லாரி பாதி நாள் ரிப்பேரில் நிற்கும்போது வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். வெறுங்கையால் அந்த இரும்புக் கதவைத் திறந்து திறந்து அவளுக்கு விரலெல்லாம் வெடித்திருக்கும். தன் அளவைத் தன்னிடம் கேட்காமலே எடுத்துக் கொடுத்தவள் அவள். தெரிந்துதான் கொடுத்தாள், பைத்தியமே, தெரிந்துதான் கொடுத்தாள்.

"சரக்க ஒண்ணும் சொல்லாத" என்றார் பயாலி.

"பின்ன?"

"தூங்கிட்டேன்."

"என்னது?"

"தூங்கிட்டேன்டா. அவ்வளவு சூடு. எங்கம்மா மடியிலகூட நான் அப்படித் தூங்குனதில்ல. ஆடு வந்து பக்கத்துல வெளிக்குப் போயிருக்கு, அதுகூடத் தெரியல."

தாஷ்மத்திடமிருந்து ஆரம்பித்தது சிரிப்பு. ஒருவன் பனியில் உட்கார்ந்தே விட்டான். சாகின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கிய பிறகு, கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார்.

"தூங்குனவன இங்க உட்கார வைக்க முடியாது பயாலி. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"குதிரையப் பாத்துக்க."

"சரி."

குதிரைகள் நின்ற இடத்துக்குப் பயாலி முதல் ஆளாக இறங்கினார். மனசு கனத்தது. உடம்பு மட்டும் வெட்கமில்லாமல் கதகதப்பாக இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஞாயிற்றுக்கிழமைக்குள் கதை அத்-பாஷியைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கமும் போய்விட்டது. முகத்தைக் காட்டக் கூசி, உப்பு வாங்க மட்டும் சந்தைக்கு வந்த பயாலி, கூட்டத்தைப் பார்த்து நின்றார். எல்னூராவின் கடை முன்னால் நிற்க இடமில்லை. முகம் தெரியாத வெளியூர்க்காரர்களெல்லாம் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பெரியவர் தூங்குனாரே, அது குடும்மா."

"எனக்கும் அதான். தூங்குனது."

"எது அது? நீ பாட்டுக்கு ஏதாவது ஒண்ண எடுத்துக் குடுத்து ஏமாத்தாத. அவர் பேரென்ன, அவர் போட்டது எது, சொல்லு."

எல்னூரா தலைத்துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். மாமனார் பெயரை எப்படிச் சொல்வாள்? அவர் உள்ளே போட்டிருப்பது இதுதான் என்று ஊர் நடுவில் எப்படிக் காட்டுவாள்? கேட்டவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தான்.

பயாலி உப்புப் பையைக் கீழே வைத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். மேலங்கியின் பொத்தானைக் கழற்றினார், அதற்குக் கீழே கோட்டுப் பொத்தானை, அதற்கும் கீழே சட்டைப் பொத்தானை. நெஞ்சைத் திறந்து அந்தச் சாம்பல் நிறக் கம்பளியைக் காட்டினார்.

"தூங்குனவன் நான்தான். இதுதான் அது. கைய வச்சுப் பாரு. சும்மா வையி, கடிக்காது."

அந்த ஆள் கையை வைத்துப் பார்த்தான். பின்னால் நின்றவனும் வைத்தான். அப்புறம் ஒரு வரிசையே உருவாகிவிட்டது. பயாலி கைகளை விரித்துக்கொண்டு, நடுச் சந்தையில், உறைபனியில், நிமிர்ந்து நின்றார்.

எல்னூரா மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு திரும்பினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நிமிர்ந்து பார்க்காத அவருடைய முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பொத்தானப் போடுங்க மாமா, சளி பிடிச்சுக்கும்."

ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பயாலி ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டார்.