சுண்ணாம்பு சுட்ட புண்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருங்கள். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து ஜெயலெட்சுமியின் கதை சொல்கிறேன். கொஞ்சம் மனசு கனக்கும். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்கு வெற்றிலைதான் துணை. இரண்டாயிரத்து ஒன்பதில் ஜெயலெட்சுமியின் இடது கன்னத்துக்குள் புண் வந்தபோது அவள் பயப்படவில்லை. சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோவது எல்லாருக்கும் நடப்பதுதானே. சுண்ணாம்பைக் குறைத்தாள், தேங்காயெண்ணெய் தடவினாள், வெற்றிலையை வலது பக்கம் ஒதுக்கினாள். சோறு இறங்காமல் போன பிறகுதான் மகள் தங்கேஸ்வரி அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டொக்டர் வதனி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சதையைச் சோதித்துவிட்டு, அடுத்த கிழமை, கையைப் பிடித்துக்கொண்டே, வெற்றிலையும் பாக்கும் போட்டதால் வந்த புற்றுநோய் என்று சொன்னாள். கன்னத்தில் வெட்டியெடுக்க வேண்டும். வெட்டுவதில் ஒரு துண்டு ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்றும் கேட்டாள். உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஆர்.என்.ஏ. என்று ஒன்று உண்டாம். சில வகை, புரதம் செய்வதற்கான குறிப்பைக் கொண்டுபோகும். சில நீளமானவை எந்தப் புரதமும் செய்வதில்லை. சும்மா கிடப்பவை என்றுதான் முன்பு நினைத்தார்களாம். இப்போது பார்த்தால், எதை வளரவிடுவது, எதை நிறுத்துவது என்பதில் அவற்றுக்கும் பங்கு இருக்கிறதாம். அது பிசகினால் புற்று வளர இடம் கிடைக்குமாம்.

ஜெயலெட்சுமி வலியோடு சிரித்தாள். "எங்க கங்காணி மாதிரிங்க. ஒரு கொழுந்து கிள்ள மாட்டாரு. அவரு சத்தம் குடுத்தா மலையே திரும்பும்."

"அதேதான் அம்மா. ஆனா இந்த ஆராய்ச்சி முடியக் கனகாலம் செல்லும். உங்களுக்கு உதவாது."

அந்தச் சொல் அவள் காதில் தங்கவில்லை. கண் மகள்மேல் போனது. தங்கேஸ்வரி வேலைக்குப் பேர் பதிந்த அன்று, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், தன் பையிலிருந்து முதல் வெற்றிலையை மடித்து அவள் வாயில் வைத்தது இவள்தான். புது ஆளுக்கு அப்படிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். போன மாதம் மகளும் வாய் எரிகிறது என்றாள். சுண்ணாம்பைக் குறைடி என்று இவளே சொல்லிவிட்டாள்.

"சதைய எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்க. மொதல்ல இவ வாயப் பாருங்க."

தங்கேஸ்வரி கடவாயில் ஒதுக்கியிருந்ததைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தாள். விளக்கு வெளிச்சத்தில் பாலாடைபோல் ஒரு வெள்ளைத் திட்டு. டொக்டர் விரலால் அதை அழுத்திப் பார்த்தாள். பிறகு, சோதித்துத்தான் சொல்ல முடியும், வெற்றிலையை மட்டும் இன்றைக்கே விட வேண்டும் என்றாள்.

ஜெயலெட்சுமி இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்துக் குப்பை வாளிக்குள் போட்டாள். மகளுடைய பைக்கும் கையை நீட்டினாள். தங்கேஸ்வரி தயங்கினாள். நீட்டிய கை மடங்கவில்லை. கடைசியில் கொடுத்தாள்.

உங்கள் வீட்டில் எல்லாரும் வாயாரச் சிரித்து, வயிறார உண்டு, நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும், என் செல்லங்களே.