ஹெட்மாஸ்டர் கையில மஞ்சக் காப்பு

பெல்சி டீச்சர் அன்னைக்கு பிரேயர்ல வாயத் தொறந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. தொறக்கல.

தொண்ணூத்தாறு மாசி மாசம். காரைக்குடிக்குப் பக்கத்துல ஒரு ஹைஸ்கூல். ஹெட்மாஸ்டர் ஞானசம்பந்தம் வரிசையப் பாத்துக்கிட்டே வந்தவரு, பத்தாங்கிளாஸ் துர்காதேவிகிட்ட நின்னாரு. ஊர்ல மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி, முளைப்பாரி போட்டிருக்குற புள்ள. கையில மஞ்சக் கயிறு.

"படிக்க வந்தியா, திருவிழாவுக்கு வந்தியா?"

"காப்பு சார். அவுக்கக் கூடாது சார்."

"நீ அவுக்க வேணாம்மா. நான் எடுத்துடறேன்."

பியூன் மாயக்கண்ணன்கிட்ட கத்தரிக்கோல் வாங்கி வெட்டிட்டாரு. கயிறு மண்ணுல விழுந்துச்சு. புள்ள குனிஞ்சு எடுத்துப் பொத்திக்கிட்டு அழுதுச்சு.

பெல்சி டீச்சர்க வரிசையில நின்னு பாத்துக்கிட்டிருந்தா. இதே மைதானம், இதே ஆளு. எழுபத்தெட்டுல பெல்சி இங்க பத்தாவது. சர்ச்சுல சாம்பல் புதன் பூசை முடிஞ்சு நெத்தியில சாம்பல் சிலுவையோட வந்தா. அப்ப அவரு கணக்கு வாத்தியார். "அடுப்புக்குள்ள தலைய விட்டுட்டு வந்தியா?"ன்னு கேட்டு, பைப்படியில நிறுத்தி, மொத்தக் கிளாசும் பாக்க மூஞ்சியக் கழுவ வச்சாரு. மூணு தடவ. "இன்னும் போகல, தேய்." அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் அவ காதுல இருக்கு. டீச்சரா வந்த பொறகும் சாம்பல் புதனுக்கு பஸ் ஸ்டாப்புலயே கர்ச்சீப்பால தானே தொடச்சிட்டுத்தான் உள்ள வருவா. அதை நெனைச்சாத்தான் அவளுக்கு இன்னும் கோவம்.

மறுநாள் துர்கா வரல. அந்த ஊர்ப் புள்ளைக பதினோரு பேரும் வரல. பப்ளிக் பரீட்சைக்கு ஒரு மாசந்தான்.

பெல்சி கிளாஸ்ல தெனம் மொத அஞ்சு நிமிஷம் கணக்கு கிடையாது. வீட்ல என்ன, மனசு எப்படி இருக்குன்னு யாரு வேணாலும் பேசலாம். முளைப்பாரிக்கு எந்தத் தானியத்த எந்த அளவுல கலக்குறதுன்னு துர்கா சொன்னத வச்சுத்தான் விகிதமே நடத்துனா. கணக்குன்னா அழுத புள்ள இப்ப தொண்ணூறு வாங்குது. அதுக்கும் ஹெட்மாஸ்டர் ஜன்னல்ல நின்னு, "என்ன டீச்சர், அரட்டைக் கச்சேரி முடிஞ்சுதா?"ம்பாரு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெல்சி டவுன் பஸ் ஏறி துர்கா வீட்டுக்குப் போனா. அம்மா அன்னக்கிளி வாசல்லயே மறிச்சா.

"இங்குட்டு எதுக்கு வந்தீக? அந்தாளு வெட்டுனப்ப நீங்களும் பாத்துக்கிட்டுத்தான நின்னீக?"

"ஆமா. நின்னேன்."

"எம்புள்ள முளைப்பாரிய வரிசையில வைக்கக் கூடாதுன்னுட்டாக டீச்சர்."

"வெட்டுனவுக கையிலயே காப்புக் கட்டுனா குத்தம் தீந்துரும்னு துர்கா கிளாஸ்ல சொல்லிருக்கா. நெசந்தானா?"

"நெசந்தான். ஆனா கட்டிக்கிட்டவுக பகல்ல எங்க போனாலும் திருவிழா முடியிற மட்டும் ராத்திரி ஊரு எல்லைக்குள்ளதான் படுக்கணும். அந்தாளு எங்க வரப் போறாரு?"

"வருவாரு. நான் கூட்டியாறேன்."

அன்னக்கிளி வாசல விட்டு நகந்தா. அப்புறந்தான், "உள்ள வாங்க, காப்பி குடிங்க"ன்னா.

சனிக்கிழமை காலையில பெல்சி ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போனா. அவரு ரிட்டயர் ஆகுற வருஷம். ரிசல்ட் போர்டுல அந்த வருஷக் கட்டத்த நூறு பெர்சன்ட்டுன்னு எழுத அவரு தொடச்சு வச்சிருந்தாரு.

"பதினோரு பேர் பரீட்சைக்கு வரலன்னா அந்த நூறு போச்சு சார்."

"என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நேர்ல போயி ஒரு வார்த்த பேசிட்டு வந்துருவோம்." வேற எதப் பத்தியும் அவ மூச்சு விடல.

அன்னைக்குச் சாயங்காலம் கோயில்ல ஊரே நின்னுச்சு. பூசாரி சேவுகப்பெருமாள், "வாங்க சார், கைய நீட்டுங்க"ன்னாரு. திருநீறு தரப் போறாகன்னு நெனச்சு ஹெட்மாஸ்டர் நீட்டுனாரு. மஞ்சக் கயித்துல மூணு முடிச்சு விழுந்துருச்சு. அடுத்து தலையில ஒரு குடம் மஞ்சத்தண்ணி. வெள்ளச் சட்டையெல்லாம் மஞ்ச.

"என்னய்யா இது!"

"காப்பு சார்,"ன்னு துர்கா சொல்லுச்சு. "அவுக்கக் கூடாது சார்."

"பத்து ராத்திரி இங்கதான் படுக்கணும். சாவடியில பாய் விரிச்சிருக்கு,"ன்னா அன்னக்கிளி. "வேணாம்னா அறுத்துட்டுப் போங்க. எங்க புள்ளைகளும் அங்குட்டு வராது."

அவரு ஈரத் தலையோட பெல்சி பக்கம் திரும்புனாரு. "டீச்சர், உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார். அரட்டைக் கச்சேரியில புள்ளைக சொல்லுச்சுக."

அன்னைக்கே துர்கா முளைப்பாரி வரிசைக்குத் திரும்பிருச்சு.

திங்கக்கிழமை பிரேயர்ல பதினோரு பேரும் நின்னாக. ஹெட்மாஸ்டருக்குக் கொசு கடிச்சு மூஞ்சி தடிச்சிருந்துச்சு. முழுக்கை சட்டைய எவ்வளவு இழுத்தாலும் காப்பு வெளிய எட்டிப் பாத்துச்சு. மாயக்கண்ணன் பவ்யமா கிட்டப் போயி, "சார், கத்தரிக்கோல் கொண்டாரவா?"ன்னான். பின்வரிசை வரைக்கும் சிரிப்பு. பெல்சி சிரிக்கல. அவளுக்கு இன்னும் புதன்கிழமை, சாம்பல் புதன், பாக்கி இருந்துச்சு.

புதன்கிழமை கர்ச்சீப்ப வீட்லயே வச்சுட்டு வந்தா. நெத்தியில சாம்பல் சிலுவை கருகருன்னு. நேரா அவரு முன்னாடி போயி நின்னா. அவரு வெரல நீட்டி என்னமோ சொல்ல வந்தாரு. நீட்டுன கையில மஞ்சக் கயிறு ஆடுச்சு.

"பைப்புல தண்ணி வருது சார்,"ன்னா பெல்சி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. "கழுவிட்டு வரவா? எழுபத்தெட்டுல மூணு தடவ கழுவச் சொன்னீக. இப்ப எத்தன தடவ?"

அவருக்கு ஞாபகம் வந்துருச்சு. காது மடல் செவந்ததுல தெரிஞ்சுச்சு. மெதுவா கைய இறக்கி முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டாரு.

"வேணாம். வரிசைக்குப் போங்க."

பெல்சி போனா. பிரேயர் முடியிற வரைக்கும் நெத்தியக் காட்டிக்கிட்டு அவரையே பாத்துக்கிட்டு நின்னா. பாவமா இருக்கான்னு தனக்குள்ள கேட்டுப் பாத்தா. இல்ல. சாவடியில அவருக்கு இன்னும் ஆறு ராத்திரி இருந்துச்சு.